ஐந்தாவது தவணை

வரிசை நகரவில்லை. குணசீலனுக்கு முன்னால் மூன்று பேர், பின்னால் ஏழெட்டுப் பேர், கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரு காலி நாற்காலி. சிஸ்டம் போயிடுச்சு, பத்து நிமிஷம் ஆகும் என்று சொல்லிவிட்டு எழுந்துபோன கண்ணாடிக்கார கிளார்க் இருபத்தைந்து நிமிஷமாகத் திரும்பவில்லை. நாற்காலியின் முதுகில் அவருடைய துண்டு மட்டும் காய்ந்துகொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு பத்து. சனிக்கிழமைகளில் இந்தக் கூட்டுறவு வங்கியில் ஒரு மணிக்கெல்லாம் கவுண்டரை மூடிவிடுவார்கள். இன்று ஐந்தாம் தேதி, தவணைக்குக் கடைசி நாள். நேற்று வந்திருக்கலாம், நேற்று ஜங்ஷன் பக்கம் ஒரு லிஃப்ட் பாதியில் நின்று, அதைச் சரிசெய்யப் போக வேண்டியிருந்தது, முந்தாநாள் மழை, அதற்கு முந்தின நாள் வெறும் சோம்பல். சட்டைப் பையில் மூன்று ஐந்நூறு ரூபாய்த் தாள்களும் மகள் பெயரில் போட்ட பாஸ்புக்கும் இருந்தன. தவறினால் அபராதம் பதினைந்து ரூபாய்தான். மனைவி தமயந்தி சாயங்காலம் பாஸ்புக்கைப் பிரித்துப் பார்ப்பாள், இந்த மாதத்துக் கட்டம் காலியாக இருந்தால் ஒன்றும் கேட்க மாட்டாள், மூடி பீரோவில் வைத்துவிடுவாள். அவள் கேட்டால் பதில் சொல்லிவிடலாம். கேட்காமல் பீரோவைச் சாத்துகிற அந்தச் சத்தத்தைத்தான் அவனால் தாங்க முடியாது. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. சூப்பர்வைசர் தனசேகராகத்தான் இருக்கும். பொத்தான் வைத்த சின்ன போன், எண்ணூற்றைம்பது ரூபாய், கீழே விழுந்தாலும் உடையாது என்று கடைக்காரன் சொன்னதும் தமயந்தி பக்கத்தில் நின்று, "அப்போ இதுவே குடுங்க" என்று வாங்கிக் கொடுத்தது. அதில் வாட்ஸ்அப் வராது. கம்பெனி குரூப்பில் வருகிற கம்ப்ளைண்ட் எதுவும் அவனுக்குத் தெரிவதில்லை, தனசேகர் ஒவ்வொன்றுக்கும் கூப்பிட்டுக் கத்த வேண்டியிருக்கிறது, கத்துவதை ஒவ்வொன்றுக்கும் இவன் கேட்க வேண்டியிருக்கிறது. அதிர்ந்து நின்றது. மறுபடி அதிர்ந்தது. காதுக்குப் பின்னால், கோபம் வரும்போது வருகிற அந்தச் சூடு லேசாக எட்டிப் பார்த்தது. வலது கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். அது இரண்டாவது பழக்கம். முதல் பழக்கம் இந்த வரிசை.

வரிசையில் நீங்களே நின்று கட்டணும் என்றுதான் தமயந்தி சொன்னாள். ஜிபே இல்லை, கூட வேலை செய்கிறவனிடம் கொடுத்தனுப்புவது இல்லை, ரொக்கமாக, மாதாமாதம், நின்று. ஏனென்றால் வரிசை என்றால் அவனுக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அவள் பழைய நாள்காட்டித் தாளைத் திருப்பிப் போட்டு, மருந்துக்கடையில் பில் போடுகிற அதே உருண்டைக் கையெழுத்தில், மேலிருந்து கீழாக எழுதிக்கொண்டே போனாள். போன் மூன்று. மிக்ஸி ஜார். பீரோக் கண்ணாடி. டிவி ரிமோட் இரண்டு, இரண்டாவது ரிமோட்டோடு சேர்த்து டிவியின் மூலை. உதைத்ததில் உடைந்த பைக் இண்டிகேட்டர். எவர்சில்வர் டிபன் கேரியர், அது நசுங்கியதுதான், அதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை, நியாயமானவள். கீழே கோடு போட்டுக் கூட்டினாள். மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஐம்பத்தெட்டாயிரத்து நானூறு. "உங்க கோபத்துக்கு நாம மாசாமாசம் கட்டுற இ.எம்.ஐ. இது," என்றாள். குரல் உயரவே இல்லை. மாதம் ஆயிரத்து அறுநூறு சொச்சம் உடைந்துகொண்டிருக்கிறது, அதில் ஆயிரத்து ஐந்நூறைப் பாப்பா பெயரில் கட்டுங்கள், ராத்திரி சாப்பிடும்போது இன்றைக்கு எத்தனை தடவை கோபம் வந்தது என்று மறைக்காமல் சொல்லுங்கள், வந்ததா என்று நான் கேட்க மாட்டேன், எத்தனை என்றுதான் கேட்பேன். அவ்வளவையும் சொல்லிவிட்டுப் பேனாவை மூடி, "தர்மபுரிக்கு இருபது நிமிஷத்துக்கு ஒரு பஸ் இருக்கு," என்றாள். தர்மபுரியில் அவளுடைய அக்கா இருக்கிறாள். அந்தத் தாள் இப்போதும் பீரோக் கதவின் உள்பக்கம், கண்ணாடி இருந்த இடத்தில், ஒட்டியிருக்கிறது. காலையில் தலை வாரப் போனால் முகத்துக்குப் பதில் ஐம்பத்தெட்டாயிரத்து நானூறு தெரிகிறது.

ஆச்சரியம் என்னவென்றால் மெஷினிடம் அவனுக்குக் கோபம் வருவதே இல்லை. போன வாரம் ஐந்து மணி நேரம் லிஃப்ட் குழிக்குள் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நின்றான், பன்னிரண்டு வருஷத்துப் பழைய போர்டு, ஒவ்வொரு ஒயராகத் தொட்டு, மீட்டர் வைத்து, கழற்றி, துடைத்து, மாட்டி. கீழே நின்றவர்கள் சலித்துப் போனார்கள், இவன் சலிக்கவில்லை. மெஷின் வேண்டுமென்றே எதுவும் செய்வதில்லை என்று அவனுக்குத் தெரியும். மனிதர்கள் மட்டும் வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று எப்போது நம்ப ஆரம்பித்தான். சில்லறை இல்லை என்கிற கண்டக்டர், மூடாமல் வைத்த சர்க்கரை டப்பா, ஒன்றை அழுத்தவும் இரண்டை அழுத்தவும் என்கிற அந்தப் பொம்பளைக் குரல், எல்லாரும் எங்கோ கூடிப் பேசி இவனைப் பார்த்து ஏவிவிட்டது போல. அந்தக் குரல். அதை நினைக்க வேண்டாம். தரையைப் பார்த்தான், மொசைக்கில் கறுப்புக் கல், வெள்ளைக் கல், பழுப்புக் கல். கேஸ் சிலிண்டர் புக் பண்ணப் போட்ட போன் அது. பத்தொன்பது நிமிஷம் காத்திருந்தான், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று பத்தொன்பது நிமிஷமும் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு மனுஷன் எடுத்து வணக்கம் என்று சொன்ன நொடியில் லைன் அறுந்தது. அவன் சுவரைப் பார்த்துத்தான் வீசினான். சுவரைப் பார்த்துத்தான். சமையலறை நிலைக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை, இருந்திருந்தால் வீசியிருக்க மாட்டான், ஆனால் மகள் நிறைமதி தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரோடு வெளியே வந்தாள். போன் நிலையில் பட்டுத் திரும்பியது. டம்ளர் உருண்ட சத்தம்தான் முதலில் கேட்டது, அவள் அழுத சத்தம் இல்லை. அவள் அழவே இல்லை, வலது புருவத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, விரல் வழியாக ரத்தம் முழங்கை வரைக்கும் வர, அவனைப் பார்த்தபடி நின்றாள், தவறு செய்தது தானோ என்பது போல. மூன்று தையல். கண் தப்பியது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். எப்படி ஆச்சு என்று அவர் கேட்டபோது அவன் வாயைத் திறப்பதற்குள் தமயந்தி, "வாசப்படில விழுந்துட்டா டாக்டர்," என்றாள். அந்த நேரத்தில் அவனுக்கு உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி ஓடியது. தப்பித்தோம் என்கிற குளிர்ச்சி. மகளின் புருவத்தில் ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போது அப்பனுக்கு வந்த நிம்மதி. போனை வீசியதைக்கூட என்றைக்காவது யாரிடமாவது சொல்லிவிடலாம், இந்த நிம்மதியை யாரிடம் சொல்வது.

"அப்பா, மணி என்னப்பா?" என்றாள் நிறைமதி. ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. இன்று பள்ளி இல்லை, தமயந்திக்கு மருந்துக்கடையில் மூன்று மணி வரை வேலை, அதனால் இவனோடு வந்திருந்தாள். பன்னிரண்டரை என்றான். கிளார்க் வந்து உட்கார்ந்திருந்தார், எப்போது வந்தார் என்று கவனிக்கவில்லை, முதல் ஆள் பணம் கட்டிவிட்டு நகர்ந்தார், இன்னும் இரண்டு பேர், நேரம் இருக்கிறது, ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்றாலும் பன்னிரண்டே முக்காலுக்குள் முடிந்துவிடும். அப்போது கையில் கார்ச் சாவியைச் சுற்றிக்கொண்டே ஒருவர் நேராக உள்ளே வந்து, வரிசையைப் பார்க்காமல், கவுண்டரின் பக்கவாட்டில் முழங்கையை ஊன்றினார். ஒரு டவுட் மட்டும் கேட்டுக்கறேன் சார் என்றார். டவுட் ஒரு பாஸ்புக் ஆனது, பாஸ்புக் இரண்டானது, கிளார்க் பிரிண்டரில் செருகினார். முன்னால் நின்ற வேட்டிக்காரர் காதைக் குடைந்தார். குணசீலனுக்குக் காதுக்குப் பின்னால் இருந்த சூடு கழுத்துக்கு இறங்கி, தோளில் பரவி, முழங்கைக்கு வந்தது. அது எப்போதும் அந்த வழியில்தான் வரும், அவனுக்குப் பழக்கமான பாதை, லிஃப்ட் எந்த மாடியில் நிற்கும் என்பது போல எந்த இடத்தில் கை தானாக எழும்பும் என்று அவனுக்குத் தெரியும். பிரிண்டர் கிறீச் கிறீச்சென்று அடித்தது. மேஜையில் ஸ்டீல் தட்டில் கசங்கிய பஞ்சும் ரப்பர் ஸ்டாம்பும். சட்டைப் பையில் போன் மூன்றாம் தடவையாக அதிர்ந்தது. வலது கை பாக்கெட்டிலிருந்து வெளியே வந்திருந்தது. அவன் எடுக்கவில்லை, அதுவாகவே வந்திருந்தது.

நிறைமதி நகர்ந்தாள். ஓர் அடிதான், சத்தமில்லாமல், மிட்டாய்த் தாளை மடித்துக்கொண்டே, அவனுடைய வலது பக்கத்திலிருந்து பின்பக்கமாகச் சுற்றி இடது பக்கம் வந்து நின்றுகொண்டாள். அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் பார்த்திருந்தாள். அவன் எண்ணம் அந்த ஓர் அடியில் இடறி நின்றது. காலையில் ரோட்டைக் கடக்கும்போதும் இடது பக்கம். சாப்பிட உட்காரும்போது தட்டை எடுத்துக்கொண்டு அம்மாவைத் தாண்டி வந்து இடது பக்கம். டிவி பார்க்கும்போது பாயின் இடது ஓரம், காற்று வராத ஓரம், ஏன் புழுங்குகிற இடத்தில் உட்காருகிறாய் என்று போன மாதம் அவனே கேட்டான், இங்கதான் நல்லாருக்கு என்றாள். எப்போதிலிருந்து. தையல் போட்டதற்குப் பிறகா, அதற்கு முன்னாலேயா, பீரோக் கண்ணாடி உடைந்தபோது அவளுக்கு ஏழு வயதுகூட இல்லை, அப்போதே கற்றுக்கொண்டாளா. பெருக்கல் வாய்ப்பாட்டைப் போல, சைக்கிள் விடுவதைப் போல, அப்பா எந்தக் கையால் வீசுவார் என்பதையும் ஒரு குழந்தை கற்றுக்கொள்கிறது. அவளும் ஒரு பழக்கம் வைத்திருக்கிறாள். தமயந்தி எழுதிய தாளில் அது இல்லை. அதற்கு விலை போட முடியாது. கூட்டிப் பார்க்கவும் முடியாது. கார்ச் சாவிக்காரர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். சூடு இறங்கவில்லை, ஆனால் அதற்குப் போவதற்கு இடம் இல்லாமல் முழங்கையிலேயே நின்றது. கை நடுங்க ஆரம்பித்தது. பாக்கெட்டுக்குள் திணித்தான்.

பின்னால் நின்ற அம்மாளுக்குப் பொழுது போகவில்லை. ஐம்பது வயதிருக்கும், கையில் கட்டைப்பை, நெற்றியில் திருநீறு. நிறைமதி இப்போது அவளுக்கு நேர் முன்னால் நின்றாள். "என்ன கண்ணு, புருவத்துல அடியா?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

"வாசப்படில விழுந்துட்டேன் ஆன்ட்டி."

"அடடா. ஓடுனியா?"

"ஓடல. படி ஈரமா இருந்துச்சு. அம்மா கோலம் போடறதுக்குத் தண்ணி தெளிச்சிருந்தாங்க. அதுல வழுக்கிருச்சு."

கோலம், ஈரம், வழுக்கல், இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை. அவளே சேர்த்திருக்கிறாள். எத்தனை பேர் கேட்டிருப்பார்கள், எத்தனை தடவை சொல்லிச் சொல்லி, எந்த இடத்தில் ஜனங்கள் நம்பாமல் பார்க்கிறார்கள் என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் ஒரு கோலத்தைப் போட்டு அடைத்திருக்கிறாள். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. அந்த அம்மாள் உச்சுக் கொட்டினாள். "உங்கம்மா கொஞ்சம் பாத்துத் தெளிக்கக் கூடாதா? பொட்டப்புள்ள முகத்துல தழும்பு நின்னுபோச்சே. என்ன பொம்பளையோ." நிறைமதி, "ஆமா," என்றாள்.

ஆமா. அவன் அந்தச் சொல்லைவிட்டு நகர முடியாமல் நின்றான். வேட்டிக்காரர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார், ஒரு தடவை போட்டது பொருந்தவில்லை என்று மறுபடி, ஒவ்வோர் எழுத்தாக, மணி பன்னிரண்டு நாற்பத்தைந்து, அந்தக் கையெழுத்தின் மேல் வர வேண்டிய எரிச்சல் வரவில்லை, ஆமா என்கிற சொல் வழியை மறித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டிருப்பார்கள், பள்ளியில் கேட்டிருப்பார்கள், தர்மபுரியில் பெரியம்மா கேட்டிருப்பாள், எல்லா இடத்திலும் தமயந்தி பார்த்துத் தெளிக்காத பொம்பளையாக நின்றிருக்கிறாள். தெரிந்தே நின்றிருப்பாள். அவன் வாங்க வேண்டியதை அவள் வாங்கிக்கொண்டிருக்கிறாள், நாலு மாதமாக, ஒரு நாள்கூட ராத்திரி சாப்பாட்டில் அதைச் சொல்லாமல். அவன் மட்டும் இன்றைக்கு இரண்டு தடவை, இன்றைக்கு ஒரு தடவை என்று எண்ணிச் சொல்லிவிட்டு, நல்ல பிள்ளை போல ரசம் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"அடுத்தது," என்றார் கிளார்க். பாஸ்புக்கையும் பணத்தையும் வீட்டிலேயே எழுதி எடுத்துவந்த சலானையும் நீட்டினான். அவர் சலானைப் பார்த்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, "இது பழைய ஃபாரம் சார். போன மாசத்தோட நிறுத்தியாச்சு. நீலக் கலர்ல இருக்கும், அதுல எழுதிட்டு வாங்க," என்று தள்ளினார். மணி பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. எழுதப் போனால் வரிசை போய்விடும், வரிசை போனால் ஒரு மணி ஆகிவிடும். இதோ, இந்த இடம், இங்கேதான் வழக்கமாக எல்லாம் நடக்கும். கவுண்டர்க் கண்ணாடி அவன் மார்புக்கு நேராக இருந்தது, மெல்லிய கண்ணாடி, ஓரத்தில் ஏற்கெனவே ஒரு விரிசல், உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் போதும். வலது கையை வெளியே எடுத்தான். இடது பக்கத்தில் நிறைமதியின் மூச்சு நின்றது போலிருந்தது, அல்லது அவனுக்கு அப்படிக் கேட்டது. கையைக் கவுண்டர்ப் பலகையின் மேல் மெதுவாக வைத்தான், எல்லாரும் பார்க்கும்படி. விரல்கள் தனித்தனியாக ஆடின.

"எனக்குக் கை நடுங்குது சார்," என்றான். "எழுத வராது. இங்கயே யாராவது எழுதித் தந்தா நல்லாருக்கும்."

கிளார்க் அந்தக் கையைப் பார்த்தார். "சுகர் இருக்கா?"

"இல்ல சார். கோபம் வந்தா இப்படித்தான்."

அப்படிச் சொல்வான் என்று அவனே எதிர்பார்க்கவில்லை. கிளார்க்கின் முகம் ஒரு நொடி இறுகியது, என்ன செய்வானோ என்று பார்த்தார். பிறகு டிராயரிலிருந்து நீலப் படிவம் ஒன்றை எடுத்து நிறைமதியைப் பார்த்து, "பாப்பா எழுதுமா?" என்றார். அவள் எம்பி நின்று, அவர் காட்டிய இடத்தில் எல்லாம், நாக்கை உதட்டோரம் துருத்திக்கொண்டு எழுதினாள். கு. நிறைமதி. ஆயிரத்து ஐந்நூறு மட்டும். அவன் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டான். முத்திரை விழுந்தது. பாஸ்புக்கில் ஐந்தாவது வரி ஏறியது. சந்தோஷப்பட வேண்டிய இடம் இது, போன நாலு தடவையும் அவன் அந்த வரியைத் தடவிப் பார்த்தான். இப்போது அதை மூடிப் பையில் வைத்துவிட்டுத் திரும்பினான். கட்டைப்பை அம்மாள் ஒதுங்கி வழிவிட்டாள். வழிவிட்டதும் போயிருக்கலாம், வாசல் இருபது அடிதான். நாலு பேர் பார்க்கிறார்கள், தெரிந்தவர் யாரும் இல்லை, யாரோ ஒரு அம்மாள், இனிமேல் பார்க்கப்போவதே இல்லை. அந்த அம்மாள் பக்கம் திரும்பினான்.

"இவங்கம்மா தண்ணியெல்லாம் ஒழுங்காத்தான் தெளிப்பாங்க," என்றான். குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "வாசப்படில விழுகல. நான் கோபத்துல போனைத் தூக்கி வீசினேன். அது இவ மேல பட்டுது."

அம்மாள், "ஓ," என்றாள். கட்டைப்பையைக் கை மாற்றிக்கொண்டு, கவுண்டரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். வரிசையில் யாரோ இருமினார்கள். அதோடு அவள் அவனைப் பார்க்கவே இல்லை. மன்னித்துவிட்ட மாதிரியோ திட்டிவிட்ட மாதிரியோ ஒன்றும் நடக்கவில்லை, வெயிலில் இறங்கியபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

பைக் வேப்பமரத்தடியில் நின்றது. சீட்டைத் தட்டிவிட்டு நிறைமதியைத் தூக்கப் போனான், அவள் பின்னால் நகர்ந்தாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது, அழுகை இல்லை, கோபம். அவனுக்குத் தெரிந்த கோபம், காதோரம் சிவந்திருந்தது.

"ஏன்ப்பா சொன்னீங்க?"

"அது பொய்தானே மதி."

"அந்த ஆன்ட்டி இப்போ என்னைப் பொய் சொல்ற பொண்ணுன்னு நினைப்பாங்க."

அவன் நினைத்துப் பார்த்திராத பக்கம் அது. எல்லாப் பக்கமும் யோசித்து, கடைசியில் அவளை நடு வங்கியில் பொய்க்காரியாக நிறுத்திவிட்டு வந்திருக்கிறான். நல்லது செய்யப் போன இடத்திலும் கை நேராகப் போய் அவள் மேலேயே பட்டிருக்கிறது. அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தான், அவள் முகம் இப்போது அவனுக்கு மேலே இருந்தது.

"அது நீ சொன்ன பொய் இல்ல. நான் சொல்ல வச்ச பொய்."

"நீங்க சொல்லச் சொல்லல. அம்மாதான் சொன்னாங்க."

"அம்மா சொல்லும்போது நான் சும்மா இருந்தேன். எனக்காகத்தான் சொன்னாங்க."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "கிளாஸ் மிஸ்கிட்ட சொல்லியிருக்கேன். வேன் அண்ணாகிட்ட. ஹர்ஷினிகிட்ட. ஹர்ஷினி அம்மாகிட்ட. பெரியம்மாகிட்ட. எல்லார்கிட்டயும் போய்ச் சொல்வீங்களா?"

"சொல்றேன்."

"வேணாம்," என்றாள் உடனே. பிறகு, யோசித்து, "அம்மாகிட்ட மொதல்ல சொல்லுங்க. அம்மாவுக்குத் தெரியாம நீங்க சொன்னது தப்பு. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

"நானே சொல்றேன்."

போனை எடுத்தான். தனசேகரின் தவறிய அழைப்புகள் ஐந்து. அவற்றைத் தாண்டித் தமயந்தியின் எண்ணை அழுத்தினான். மணி அடித்தது. கடையில் கூட்டமாக இருக்கும், எடுக்க மாட்டாள், எடுக்காவிட்டால் சாயங்காலம் வரைக்கும் நேரம் கிடைக்கும், அந்த ஆசை எழும்பும்போதே எடுத்துவிட்டாள். "கட்டியாச்சா?" என்றாள், பின்னால் யாரோ இருமல் மருந்து கேட்டார்கள்.

"கட்டியாச்சு. தமயந்தி, வரிசையில ஒரு அம்மா பாப்பாகிட்ட தழும்பைப் பத்திக் கேட்டாங்க. நான் உண்மையைச் சொல்லிட்டேன். நான்தான் வீசினேன்னு."

அந்தப் பக்கம் இருமல் மருந்துக்காரரின் குரல், பில் கிழிகிற சத்தம், ஷட்டருக்கு வெளியே பஸ். தர்மபுரி பஸ்கூட அந்த வழியாகத்தான் போகும். "பாப்பா பக்கத்துல இருக்காளா?" என்று கேட்டாள் தமயந்தி. இருக்கா என்றான். "அவகிட்ட குடுங்க."

நிறைமதி போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, நாலடி தள்ளிப் போய், அவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். ம் என்றாள். இல்லம்மா என்றாள். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள், ஒரு காலால் மறு காலைச் சொறிந்தாள், தலையை ஆட்டினாள், போனில் தலையாட்டுவது தெரியாது என்று அவளுக்கு இன்னும் பதியவில்லை. என்ன பேசுகிறார்கள் என்று அவனுக்குக் கேட்கவில்லை. அருகில் போய்க் கேட்கலாம், போகவில்லை. கையைப் பாக்கெட்டில் விடவும் தோன்றவில்லை, அது பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் அடங்கிக்கொண்டிருந்தது. வங்கிக் காவலாளி வெளியே வந்து, கதவைப் பாதி இழுத்து மூடினார்.

நிறைமதி திரும்பி வந்து போனை நீட்டினாள். "அம்மா லீவ் சொல்லிட்டு இப்பவே வீட்டுக்கு வர்றாங்களாம். பேசணுமாம்."

"என்கிட்டயா?"

"நம்ம ரெண்டு பேர்கிட்டயும்."

"கோபமா இருந்தாங்களா?"

அவள் யோசித்தாள். அவனைச் சமாதானப்படுத்த ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று பயந்தான். "தெரியலப்பா," என்றாள். "அழுதாங்க." அவன் தலையசைத்தான். அவளைத் தூக்கிப் பின்சீட்டில் உட்கார வைத்தான், அவள் அவன் சட்டையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டாள், பைக்கை மெதுவாக வீட்டுப் பக்கம் திருப்பினான்.